பட்டுச்சு என்று சொன்னேன்

ஒரு ஆளைப் பார்த்தால் அவன் முகம் எனக்கு இரண்டாவதாகத்தான் தெரியும். முதலில் தெரிவது, அவனை எங்கே அடித்தால் விழுவான் என்பது. தொண்டை, காதோரம், முழங்காலின் பக்கவாட்டு, விலாவின் கடைசி எலும்பு. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்து பாயசம் குடிக்கிறவரைப் பார்த்தாலும், இந்த வயதிலும், கண் முதலில் அங்கேதான் போகிறது. பிறகுதான் அவர் யார், எந்த ஊர், எனக்கு என்ன முறை என்பதெல்லாம்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் அரியலூர் ரயில்வே கூட்ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பெரம்பலூர், செட்டிகுளம் பக்கத்திலிருந்து கடலையும் பருத்தியும் மாட்டுவண்டிகளில் வந்து இறங்கும். முதலில் வந்த வண்டியை முதலில் இறக்க வேண்டும் என்று பேச்சு. எது முதலில் வந்தது என்பதில்தான் தினமும் தகராறு. தகராறு என்றால் மேஸ்திரி என்னைத்தான் பார்ப்பார். வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளுவார். எனக்கு அது போதும்.

எங்கள் பக்கத்தில் சண்டைக்கு வருகிற எவனும் முதலில் வேட்டியை மடித்துக் கட்டுவான். கட்டாமல் ஒருத்தனும் அடித்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்ட இரண்டு கையும் வேண்டும். கட்டும்போது குனிந்து பார்க்கவும் வேண்டும். நான் அரைக்கால் நிஜார் போட்டிருப்பேன். அவன் குனிகிற அந்த நேரத்தில் என் வேலை பாதி முடிந்திருக்கும். சிறுவாச்சூர்ப் பக்கத்து வண்டிக்காரன் ஒருவன், என்னைவிட ஒரு சாண் உயரம், "வாடா இன்னிக்கு ஒன்ன ஒரு கை பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே வேட்டியில் கை வைத்தான். மடித்துக் கட்டுவதற்குள் அவன் மூக்கு உடைந்துவிட்டது. அவன் என்னைக் கட்டிப் பிடித்தான். ஆள் பலசாலி, விலா நொறுங்கும்போல இருந்தது. காது என் வாய்க்கருகில் இருந்தது, கடித்தேன். பாதிக் காது என் வாயோடு வந்தது. துப்பிவிட்டு மறுபடி மூட்டை தூக்கப் போனேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

நாங்கள் மூட்டை தூக்குகிற குடும்பம் இல்லை. நெசவுக்காரர்கள். யுத்தம் வந்து நூல் கிடைக்காமல் போனதும் அப்பா தறியைக் கழற்றி விறகோடு விறகாக அடுக்கினார். அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் நான் அரியலூருக்கு வந்தேன். அதற்கு முன்பே என் அக்காவை உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு ஊரில் கொடுத்திருந்தோம். அவள் புருஷனும் நெசவுதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மாமா என்று கூப்பிடுவேன். ஒல்லியான ஆள். இடுப்பில் வேட்டி நிற்குமா என்று சந்தேகம் வரும். அவர் அந்த வட்டாரத்தில் பேர்போன கம்புக்காரர் என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கழுத்தைப் பார்த்தேன். ஒரு அடி தாங்காது என்று முடிவு செய்துவிட்டேன்.

அவர் ஊரில் கோயிலுக்குப் பின்னால் பனைமரங்களுக்கு நடுவே ஒரு களம் இருந்தது. ஏழெட்டு நெசவாளிகள் விடியற்காலையில் தறியில் இறங்குவதற்கு முன் அங்கே கம்பு சுற்றுவார்கள். நான் ஒருமுறை போய் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். பிறகு கால் வைக்கிறார்கள். ஒரு மணி நேரம் வெறும் கால்! முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்தில் ஒன்று. கல்யாணப் பெண்கூட அவ்வளவு பார்த்துக் கால் வைக்கமாட்டாள். அதற்கப்புறம்தான் கம்பைக் கையில் எடுத்தார்கள். ஆளுயரத்துக்கு மேல் மூங்கில் கம்பு. அது சுற்ற ஆரம்பித்ததும் காற்று கிழிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் எப்படி நுழைவது என்று யோசித்தேன். வழி தெரியவில்லை.

இரண்டு பேர் மோதும்போது கம்பின் நுனியில் துணி சுற்றிச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொள்வார்கள். உடம்பில் பட்டால் வெள்ளைப் பொட்டு விழும். ஓங்கி அடிக்கக் கூடாது, தொட்டால் போதும். தொட்டவன் உடனே இரண்டு எட்டு பின்னால் போய்க் கம்பின் நுனியைத் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். தொடப்பட்டவன்தான் வாயைத் திறந்து "பட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். அங்கே நடுவர் கிடையாது. அவன் சொல்கிற வரைக்கும் இவன் கம்பைத் தூக்கக் கூடாது. சொன்னதும் இருவரும் கிட்டே வந்து, வலது கையால் வலது கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இதுதான் அவர்கள் வழக்கம்.

"படலன்னு பொய் சொன்னா?" என்று மாமாவைக் கேட்டேன்.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரு சொல்லுவா?" என்றார்.

அவரைப் பற்றி அங்கே ஒரு கதை சொன்னார்கள். பக்கத்து ஊர்க்காரர்களோடு மோதியபோது எதிராளியின் கம்பு அவர் குதிகாலில் உரசியிருக்கிறது. புழுதியில் யாருக்கும் தெரியவில்லை, தொட்ட ஆளுக்கே தெரியவில்லை. இவர் நின்று "பட்டுச்சு" என்று சொல்லித் தோற்றுவிட்டு வந்தாராம். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தது. சரியான பைத்தியம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். சாமி புறப்படுவதற்கு முன் கோயில் வாசலில் கம்பு விளையாட்டு. நான் வெற்றிலை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கேலி பண்ணினேன். "இதுக்கு ஒரு சலங்கையும் கட்டிக்கிட்டா கூத்துக்குப் போவலாம்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாயேன் மாப்ள, நீயும் ஒரு கம்பு எடு" என்றார். அவர் குரலில் நக்கல் இல்லை. விருந்தாளியைச் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரிதான் கூப்பிட்டார்.

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன். கம்பை எடுக்காமல் நேராக அவர் மேல் பாய்ந்தேன். நெஞ்சில் ஒரு பொட்டு விழுந்தது. அவர் இரண்டு எட்டு தள்ளி, நுனியை ஊன்றி நின்றார். நான் எதுவும் சொல்லாமல் மறுபடி பாய்ந்தேன். தோளில் ஒன்று. மறுபடி பாய்ந்தேன், தொப்புளுக்கு மேல் ஒன்று. குனிந்து காலைப் பிடிக்கப் போனேன், பிடரியில் ஒன்று. கூட்ஷெட்டில் என் எதிரே நின்றவர்கள் எல்லாரும் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றார்கள். இந்த மனிதர் கம்பின் நீளத்துக்கு அப்பால் இருந்தார். எவ்வளவு ஓடினாலும் அந்த நீளம் குறையவில்லை. மண்ணை வாரிக் கண்ணில் வீசினேன். கண்ணை மூடிக்கொண்டே என் நெற்றியில் ஒன்று வைத்தார்.

நான் நல்ல கறுப்பு. சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தது. யாரோ எண்ண ஆரம்பித்தார்கள், பிறகு ஊரே எண்ணியது. "சொல்லுடா, பட்டுச்சுன்னு சொல்லுடா!" என்று கத்தினார்கள். நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் தள்ளிப் போய், நுனியை ஊன்றி, நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் பாய்ந்தால் ஒழியக் கம்பைத் தூக்கவே இல்லை. ஒரு வலி கிடையாது, ஒரு கீறல் கிடையாது. அடித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். பெண்கள் கூட்டத்தில் என் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள் அப்போது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சட்டையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவள் ஒரு ஈரத்துணியோடு பின்னாலேயே ஓடி வந்தாள். "தம்பி, சுண்ணாம்பு வேர்வையில அரிக்கும்டா. தொடச்சிட்டுப் போடா. வூட்டுல சோறு ஆக்கி வெச்சிருக்கேன்" என்றாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். துணி புழுதியில் விழுந்தது. அரியலூர் வரைக்கும் அந்தப் பொட்டுகளோடுதான் நடந்து போனேன்.

வழி முழுவதும் நான் அவர் நின்ற நிலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு எட்டு பின்னால், நுனி தரையில், கண் என் வாயின் மேல். கம்பின் நீளத்துக்குள் நுழைய எனக்கு வழியே இல்லை. ஆனால் நான் அந்த வார்த்தையைச் சொன்னால் அவரே நுழைந்து வருவார். வெறுங்கையை நீட்டிக்கொண்டு வருவார். பழகியவனுக்கு உடம்பில் எல்லாமே வரிசையாக வரும். ஒன்றை ஆரம்பித்தால் முடிக்கிற வரைக்கும் அவனால் நடுவில் நிற்க முடியாது. எனக்கு எந்த வரிசையும் கிடையாது. அதனால் அவருடைய வரிசையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நான் புகலாம். வழியில் கயர்லாபாத் ஊரைத் தாண்டுவதற்குள் முழுவதும் தீர்மானமாகிவிட்டது. ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அரியலூரில் நூல் கொடுக்கிறார்கள் என்று தெரிந்து மாமா வந்தார். ஐந்தாறு தடவை வெறுங்கையோடு திரும்பியவருக்கு அன்று ஒரு சிப்பம் நூல் கிடைத்திருந்தது. தோளில் நூல், கையில் வழித்துணைக்குக் கம்பு. கூட்ஷெட் வழியாகத்தான் வந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். "மாப்ள, ஒங்கக்காவுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. வந்து பாத்துட்டுப் போ. அன்னிக்கு நீ சாப்புடாம போனதையே சொல்லிக்கிட்டு இருக்கா" என்றார்.

நான் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இங்க ஒரு ஆட்டம் போடுவோமா மாமா?" என்றேன். சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது. அவர் சிரித்து, "வேல நேரத்துல என்ன வெளையாட்டு? போயிட்டு வரேன்" என்று திரும்பினார். தோளில் இருந்த சிப்பத்தைப் பிடித்து இழுத்தேன். மாடு மூத்திரம் தேங்கியிருந்த சேற்றில் விழுந்தது. காலால் ஒரு மிதி மிதித்தேன். அந்த நூலுக்காக அவர் எத்தனை நாள் நடந்தார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மிதித்தேன்.

அப்போதுதான் முதல்முறையாக அவர் முகம் மாறிப் பார்த்தேன். கம்பு எப்போது தூக்கப்பட்டது என்று தெரியவில்லை. காற்று கிழிந்தது. என் இடது பொட்டில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், ஒரு ஈ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். அதே கம்பு அதே வேகத்தில் இன்னும் ஒரு விரற்கடை வந்திருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். அந்தக் கோபத்திலும் அவர் கை நின்றது. இரண்டு எட்டு பின்னால் போனார், நுனியை ஊன்றினார், என் வாயைப் பார்த்தார்.

மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், மேஸ்திரி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகல் பதினோரு மணி வெயில்.

"பட்டுச்சு" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. கோபம் எல்லாம் போய்விட்டது. நான் ஏதோ பெரிய மனுஷன் ஆகிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். "அவ்ளோதான் மாப்ள. இதுக்குத்தான் அன்னிக்கும் நின்னேன்" என்று சொல்லிக் கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டியபடி கிட்டே வந்தார்.

மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியை நாங்கள் பின்னால் இடுப்பில் செருகியிருப்போம். அந்தக் கொக்கியை அவர் புறங்கையில் இறக்கி, மூட்டையை இழுப்பது போல இழுத்தேன்.

அவர் அலறவில்லை. முழங்கால் மடங்கி உட்கார்ந்தார். கொக்கி உள்ளங்கை வழியாக வெளியே வந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிழித்துக்கொண்டு கழன்றது. வெள்ளையாக என்னென்னவோ தெரிந்தது. கம்பு இன்னும் அவர் இடது கையில் இருந்தது. இடது கையாலும் சுற்றத் தெரிந்தவர். தூக்கியிருந்தால் என்னைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. தூக்கவில்லை. கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பட்டுச்சுன்னு சொன்னியே மாப்ள" என்றார்.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அவன் சிரித்ததால் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். "கம்பு வித்த கத்துக்கிட்டு வந்துட்டாருய்யா" என்று ஒருவன் சொன்னான். நானும் சிரித்தேன். வயதான வண்டிக்காரர் ஒருவர்தான் துண்டைக் கிழித்து அவர் கையில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ரத்தமும் சேறுமாகக் கிடந்த நூல் சிப்பத்தையும் அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வேகன் நிக்கிது, போங்கடா" என்றார். கொக்கியைச் சாக்கில் துடைத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் வரைக்கும் மூட்டை ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். கை பிழைத்தது, விரல்கள் பிழைக்கவில்லை. கட்டை விரல் வெளிப்பக்கமாக விறைத்துக்கொண்டது. ஆள்காட்டி விரல் மடங்கியே நின்றது. இரண்டும் ஒன்றையொன்று தொடாது. நெசவில் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த இழையை அந்த இரண்டு விரலாலும் பிடித்து முடிச்சுப் போட முடியாதவன் தறியில் உட்கார்ந்து பிரயோஜனம் இல்லை. இது நெசவுக்காரன் மகனான எனக்குத் தெரியாதா? கொக்கியை இறக்கும்போதே தெரியும்.

மூட்டைக்குக் கை கொடுக்கும்போது கொக்கி தவறிப் பட்டுவிட்டது என்று மாமா எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். போலீஸ் வரவில்லை. பஞ்சாயத்து வரவில்லை. கண்டுபிடிக்கப்படாமல் போன திருடனைப் போல நான் நிம்மதியாகத் திரிந்தேன். அப்போது எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த வருஷம் அறுவடைக்குப் பிறகு கூட்ஷெட்டுக்குப் பக்கத்துக் கிடங்கில் கடலை உடைக்கப் பெண்கள் வந்தார்கள். ஒரு நாள் காலையில் அந்த வரிசையில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. அவர்கள் இரண்டு பேரும் குழந்தையோடு அரியலூரில் ஒரு கொட்டகையில் வந்து ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். கடலை உடைத்து உடைத்து அவளுடைய நகங்கள் தேய்ந்து சதை தெரிந்தது. நான் மூட்டையோடு அவளைக் கடந்து நாளுக்கு முப்பது நாற்பது தடவை போக வேண்டும். அவள் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கொக்கி தவறிப் பட்டதாக நம்புகிறவள் ஏன் பார்க்காமல் இருக்க வேண்டும்? கிடங்கில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். சிரித்தவர்களில் ஒருவனாகத்தான் இருப்பான்.

நாலாம் நாள் மத்தியானம் கிளப்புக் கடையில் சோறு வாங்கி இலையில் கட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் பிரித்து, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். தின்று முடித்து இலையை மடித்துவிட்டுச் சொன்னாள்:

"பசி. பால் சொரக்கல. அதான் தின்னேன். நாளைக்கும் வெச்சா நாளைக்கும் திம்பேன். அதுக்காவ நீ எனக்குத் தம்பின்னு நெனச்சுக்காத."

மறுநாளும் வைத்தேன். தின்றாள். அந்தக் கடலை முடிகிற வரைக்கும் தினமும் வைத்தேன், தினமும் தின்றாள், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் என்னை அடிக்க அவளுக்குக் கம்பும் தேவைப்படவில்லை, கையும் தேவைப்படவில்லை. அங்கேதான் எனக்கு முதலில் வலித்தது.

யுத்தம் முடிந்து கொஞ்ச நாளில் நூல் வர ஆரம்பித்தது. அவர்களும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். கூட்ஷெட்டில் என் பேருக்கு ஒரு குறையும் இல்லை. என்னைப் பார்த்தாலே வண்டிக்காரர்கள் வழிவிட்டார்கள். ஆனால் எவனும் எனக்குக் கிட்டே வந்து பீடிக்கு நெருப்புக் கேட்பதில்லை. கேட்கிறவன் தூரத்திலிருந்து தீப்பெட்டியை வீசச் சொல்வான். என்னோடு மூட்டைக்குக் கை கொடுக்கிறவனின் கண் என் இடுப்புக் கொக்கியிலேயே இருக்கும். அப்படி ஒரு நாள் ஒருவன் பார்த்தபோது கொக்கியைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்கா ஊர்த் தெருவுக்குள் நுழைந்ததும் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம். அக்கா வீட்டிலும் கேட்டது. மாமாவின் கை சரியாகிவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தது என் அக்கா. அந்தத் தெருவில் அப்போது வேறு எந்தப் பெண்ணும் தறியில் இறங்கியதில்லை. மாமா சுவரோரமாக உட்கார்ந்து இடது கையால் ராட்டையைச் சுற்றி அவளுக்குத் தறியில் குறுக்கே ஓடுகிற ஊடைநூலைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடுகளில் பெண்களும் சிறுபிள்ளைகளும் செய்கிற வேலை அது. வலது கை மடியில் கிடந்தது. மூன்று வயதுப் பிள்ளை அவர் பக்கத்தில் காலி நூல்குழல்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான்.

"வா மாப்ள" என்றார். வந்தவனை வா என்று சொல்வது அவருக்கு வழக்கம், அவ்வளவுதான்.

நான் உட்காரவில்லை. வழியில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "மாமா, என்ன அடிச்சுருங்க" என்றேன். "ஒங்க கம்பாலயே அடிங்க. மண்டையில போடுங்க. நான் கைய தூக்கமாட்டேன்."

அவர் ராட்டையை நிறுத்தினார். பிறகு எழுந்து, கூரைச் சட்டத்தில் செருகியிருந்த கம்பை இடது கையால் உருவினார். மூங்கில் ஒட்டடை படிந்து கிடந்தது. வாசலுக்கு வரச் சொல்லித் தலையசைத்தார். நான் வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டில் தறிச் சத்தம் நின்று, ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அன்றைக்கு நான் சாகத் தயாராகத்தான் போயிருந்தேன். செத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிற வயது.

காற்று கிழிகிற அதே சத்தம் கேட்டது. இடது கை என்பதால் இந்த முறை வலது பொட்டில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், ஒரு ஈ உட்கார்ந்த மாதிரி. அவர் இரண்டு எட்டு பின்னால் போனார். கம்பின் நுனியைத் தரையில் ஊன்றினார். நின்றார். அவர் கண் என் வாயின் மேல் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். "பட்டுச்சு மாமா. பட்டுச்சு."

சொல்லிவிட்டு வலது கையை நீட்டினேன்.

அவர் கிட்டே வரவில்லை. ஊன்றிய கம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கோபம் இல்லை அவர் முகத்தில். என் வாயிலிருந்து வேறு ஏதாவது வருமா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"பட்டிருக்கும்" என்றார். "ஆனா நீ சொன்னா நான் எப்படி நம்புறது?"

கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சட்டத்தில் செருகிவிட்டு, உட்கார்ந்து, ராட்டையை இடது கையால் பிடித்தார். பிள்ளை ஓடி வந்து வாசலில் நின்று, நீட்டிய என் கையைப் பார்த்தான். என்னவோ கொடுக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தொட வந்தான். உள்ளேயிருந்து அக்கா அவனை ஒரு அதட்டுப் போட்டுக் கூப்பிட்டாள். அவன் கையை இழுத்துக்கொண்டு ஓடினான். அவள் தறியை நிறுத்தவில்லை.